பனிக்காலத்தில் பூக்கும் குட்டை அமரில்லிஸ்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோப் பக்கம் தோட்ட வேலை ஓய்ந்துவிடும். கத்தரியும் மிளகாயும் பனியில் கருகியிருக்கும். கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள் ஏறியிருக்கும். இனி மே மாதம் வரை மண்ணில் கை வைக்க வேலையில்லை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டம் செய்து பழக்கமே இல்லாதவர்களும் செய்யலாம். அமரில்லிஸ் என்ற பூச்செடியின் ஒரு கிழங்கு, ஒரு சிறிய சாடி, வெளிச்சம் வரும் ஒரு யன்னல், இவ்வளவும் போதும்.

டிசம்பரில் கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் பெரிய ரக அமரில்லிஸ். அதன் தண்டு 50, 60 சென்ரிமீற்றர் போகும். உச்சியில் விரித்த கையளவு பூக்கள் நாலு. அந்தப் பாரத்தில் சாடியோடு சரிந்து விழுவதும் உண்டு. குட்டை ரகம் 25 முதல் 40 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். பூவும் சிறிது. ஆனால் நல்ல கிழங்கானால் இரண்டு தண்டு வரும், சில வேளை மூன்றும் வரும். அடுக்குமாடி வீட்டின் ஒடுங்கிய யன்னல் விளிம்புக்கு இதுதான் தோதானது. முதன்முதலாகத் தொடங்குபவர் பெரியதை விட்டு இதையே வாங்க வேண்டும் என்பேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியவை

இந்தச் செடியின் பூர்வீகம் தென்னமெரிக்கா. பிரேசிலின் கிழக்குக் காடுகளிலிருந்து பெரு, பொலிவியா மலைச்சாரல்கள் வரை இதன் காட்டு இனங்கள் வளர்கின்றன. பெட்டியில் ஹிப்பியஸ்ட்ரம் என்று அச்சிட்டிருந்தாலும் இதே செடிதான். அதன் சொந்த நிலத்தில் பல இடங்களில் மழைக்கு ஒரு பருவம், வறட்சிக்கு ஒரு பருவம். வறட்சியில் இலையை விட்டுவிட்டுக் கிழங்காக உறங்கும். மழை விழுந்ததும் எழுந்து பூக்கும். ஆக, இதை உறங்க வைப்பது வறட்சிதான். துலிப் கிழங்குக்குக் கடுங்குளிர் வேண்டும். இதற்கு உறைபனி பட்டால் கிழங்கே கூழாகிவிடும். துலிப் நட்ட பழக்கத்தில் இதையும் அக்டோபரில் முற்றத்தில் புதைத்துவிட்டால் வசந்தத்தில் அங்கே ஒன்றும் எழும்பாது.

அடுத்தது இதைவிட முக்கியம். நீங்கள் வாங்கும் கிழங்குக்குள் பூ ஏற்கனவே இருக்கிறது. கிழங்கு வளர வளர, நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் உள்ளே மொட்டை உருவாக்கிக்கொண்டே போகும். அப்படி உருவான மொட்டு வெளியே வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் காணப்போகும் பூ, போன வருடம் யாரோ ஒரு விவசாயி வளர்த்தெடுத்த இலைகளின் பலன். அதைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் முதல் வருடத்தில் உங்கள் வேலை. அடுத்த குளிர்காலத்தில் வரும் பூதான் முழுக்க உங்கள் உழைப்பு. இந்தக் கணக்கு பிடிபட்டால் கீழே வரும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

நஞ்சு பற்றி

நடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். அமரில்லிஸ் கிழங்கில் லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பூனை, நாய்க்கும் ஆபத்து. கார்த்திகைப்பூக் கிழங்கு நஞ்சு என்று நம்மவர்களுக்குத் தெரியும், ஆனால் இது பார்வைக்கு அசல் பெரிய வெங்காயம். காய்ந்த பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை அடுக்குகள், கீழே வேர். வெங்காயக் கூடை இருக்கும் அலுமாரியில் இதை ஒருநாளும் வைக்காதீர்கள். வயதானவர்கள் சமைக்கும் வீடானால் பையின் மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். வெட்டும் வேலைகளுக்குக் கையுறை நல்லது.

வாங்கும்போது

கிழங்கைச் சுற்றளவு வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். பெரிய ரகத்தில் நல்ல கிழங்கு 30 சென்ரிமீற்றருக்கு மேல் போகும். குட்டை ரகத்தில் 16 முதல் 22 சென்ரிமீற்றர் இருந்தாலே நிறைவான கிழங்கு. அளவைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

கையில் எடுத்துப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். அடிப்பாகம், வேர் கிளம்பும் அந்தத் தட்டையான இடம், மெதுமெதுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளித்தோலில் கொஞ்சம் நீலப் பூஞ்சணம் இருந்தால் பாதகமில்லை; அந்தத் தோலை உரித்துவிடலாம். உள்ளே வெள்ளைச் சதையில் சிவப்புக் கோடுகளும் புண்களும் இருந்தால் வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. பெட்டிக்குள்ளேயே வெளிறிய முளை நீட்டியிருப்பதை விட, முளை தெரிந்தும் தெரியாமலும் இருப்பதை எடுங்கள்.

பெயர்களில் சில: அல்ஃப்ரெஸ்கோ, அடுக்கு வெள்ளை, தண்டு கட்டை. பேபி ஸ்டார், சிவப்பில் நடுவே வெள்ளை நட்சத்திரம். பமீலா, செம்மஞ்சள் கலந்த சிவப்பு, மெல்லிய தண்டு. சொனாட்டினி என்ற பெயரோடு வருபவையும் சிறிய வகைதான். பப்பிலியோ என்ற அழகான ஒன்று, இளம்பச்சையில் கரும்சிவப்புக் கோடு ஓடியது, இவற்றோடு சேர்த்து விற்கப்படும். அது பிரேசில் காட்டு இனம். வருடம் முழுவதும் இலையோடு இருப்பது. கீழே சொல்லும் உறக்க முறை அதற்குப் பொருந்தாது. முதல் கிழங்காக அதை வாங்க வேண்டாம். இன்று இத்தனை வகை இருந்தாலும், பதிவிலுள்ள முதல் கலப்பினத்தை உருவாக்கியவர் ஆர்தர் ஜோன்சன் என்ற கடிகாரம் செய்பவர். இங்கிலாந்தின் லங்காஷயரில், 1799இல். இரண்டு காட்டு இனங்களைக் கலப்புச் செய்து பார்த்த அந்த ஆர்வத்தின் பின்னால்தான் இவ்வளவும் வந்தன.

மெழுகு பூசி மினுக்கி வைத்திருக்கும் கிழங்குகளைத் தவிருங்கள். தண்ணீர்கூட விடாமல் பூக்கும் என்பது உண்மை. ஆனால் வேரை நறுக்கித்தான் மெழுகில் தோய்க்கிறார்கள். பூத்து முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். ஊரிலிருந்து வருபவர்களிடம் கிழங்கு கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். அங்கிருந்து வரும் மண் ஒட்டிய எதையும் கனடாவுக்குள் விடமாட்டார்கள்.

நடுவது

தைப்பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் நவம்பர் முதல் வாரத்தில் நடுங்கள். நட்டதிலிருந்து ஆறு முதல் பத்து வாரத்தில் பூக்கும். தென்னாபிரிக்காவில் விளைந்த கிழங்குகள் முந்திப் பூக்கும், நத்தாருக்கே தயாராகிவிடும். ஒல்லாந்துக் கிழங்குகள் பெரும்பாலும் தை பிறந்த பிறகுதான். எங்கே விளைந்தது என்பதைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேரைக் கவனியுங்கள். தடித்த, வெளிறிய வேர்களை வெட்டக் கூடாது. கடதாசி போல உலர்ந்து வெறும் தோலானவற்றை மட்டும் நறுக்கலாம். வேர்ப்பகுதியை மட்டும் இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள், கிழங்கு நனையக் கூடாது.

சாடி சிறியதாக இருக்கட்டும். கிழங்கின் விளிம்புக்கும் சாடியின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் அகலம் போதும். ஒரு கிழங்குக்கு 12 சென்ரிமீற்றர் சாடி, மூன்று கிழங்குக்கு 20 சென்ரிமீற்றர் சாடி. மூன்றைச் சேர்த்து நடுவது குட்டை ரகத்துக்கு மிகவும் பொருத்தம், ஒன்றுக்குப்பின் ஒன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும். அடியில் துளை கட்டாயம். பெட்டியோடு வரும் பிளாஸ்ரிக் சாடியில் துளை இல்லாவிட்டால் அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். மண்சாடியானால் பாரமாக நிற்கும்.

தோட்டத்து மண் வேண்டாம். சாடிக்கென்று பையில் விற்கும் கலவையை வாங்கி, நாலில் ஒரு பங்கு பேர்லைட் என்ற பாரமில்லாத வெள்ளைக் குறுணியைக் கலந்துகொள்ளுங்கள். அதை முன்கூட்டியே ஈரமாக்கிப் பிசைந்து வைத்தால் நல்லது. காய்ந்த கலவை தண்ணீரை உறிஞ்சாமல் ஓரத்தால் ஓடவிடும். அடியில் ஒரு சிறு மேடு அமைத்து, வேர்களை அதன் மேல் விரித்து, சுற்றிவர மண் போட்டு விரலால் அமர்த்துங்கள். கிழங்கின் மேற்பாதி வெளியே தெரிய வேண்டும், குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது. கழுத்துவரை மூடினால் அங்கே ஈரம் தேங்கி அழுகத் தொடங்கும்.

ஒருமுறை தண்ணீர் விடுங்கள். வடிந்ததும் தட்டில் நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பிறகு முளை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். புதியவர்களின் கிழங்கு அதிகம் சாவது இந்த இரண்டு மூன்று வாரத்தில்தான், அதுவும் அன்பால். வேர் இன்னும் பிடிக்கவில்லை, இலை இல்லை, குடிக்க ஆளில்லாமல் தண்ணீர் தேங்கும். மண் ஒரு விரல் ஆழத்துக்கு உலர்ந்திருந்தால் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் விடலாம்.

இந்தக் கட்டத்தில் வெளிச்சத்தை விடச் சூடு முக்கியம். 21 முதல் 24 பாகை செல்சியஸ் இருந்தால் விரைவாக எழும்பும். யன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் இரவில் அந்த இடம் 12 பாகைக்கும் இறங்கிவிடும். முளை வரும்வரை கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். ஹீட்டர் காற்று நேரே அடிக்கும் இடமும் கூடாது.

முளை முதல் பூ வரை

கழுத்திலிருந்து பச்சை நுனி எட்டிப் பார்க்கும். அது இலையா மொட்டா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். விரலால் தொட்டுப் பாருங்கள். இலை தட்டையாக, மெல்லியதாக, நுனி மழுங்கி, சோடி சோடியாக வரும். மொட்டு தடித்திருக்கும், கிழங்கின் நடுவை விட்டுச் சற்று ஓரத்தால் கிளம்பும், மேற்பகுதி புடைத்து நுனியில் ஒடுங்கும். குட்டை ரகங்களில் இலையும் மொட்டும் சேர்ந்தே வருவது வழக்கம். இலை முந்தி வந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம்.

முளை இரண்டு விரற்கட்டை உயர்ந்ததும் சாடியைத் தெற்கு யன்னலுக்கு மாற்றுங்கள். டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான், அதிலும் பாதி நாள் மேகம். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு மெலிந்து நீண்டு குட்டை ரகமும் சரியும். செடிகளுக்கென்று விற்கும் எல்.ஈ.டி. விளக்கொன்றை 12 மணித்தியாலம் எரியவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாயும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

இப்போதிலிருந்து மேல்மண் உலர உலரத் தண்ணீர் விடலாம். கிழங்கின் தலையில் ஊற்றாமல் ஓரத்தால் விடுங்கள்.

முதல் பூ விரியத் தொடங்கியதும் சாடியைக் குளிரான அறைக்கு மாற்றினால் பூ அதிக நாள் நிற்கும். 16, 18 பாகை போதும். பகலில் விருந்தினர் அறையில் வைத்து இரவில் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுபவர்களும் உண்டு. பூ விரிந்த அன்றே உள்ளிருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். மஞ்சள் தூள் இதழிலும் யன்னல் சீலையிலும் படாது, கருக்கட்டாததால் பூவும் மெல்லத்தான் வாடும்.

பூத்த பிறகுதான் வேலை

பெரும்பாலானோர் இந்த இடத்தில் கிழங்கை எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தரும் காரியம். சரியாகப் பார்த்தால் ஒரு கிழங்கு பல வருடம் பூக்கும்.

வாடிய பூக்களைக் கிள்ளிவிடுங்கள். தண்டு பச்சையாக இருக்கும்வரை நிற்கட்டும், மஞ்சளானதும் கழுத்துக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். தண்டு உள்ளே குழாய். வெட்டியதும் சாறு ஒழுகும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். இலையில் மட்டும் கை வைக்காதீர்கள். நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது வளரும் ஒவ்வொரு இலையும் அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பு. எட்டு இலை கண்டால் இரண்டு தண்டை எதிர்பார்க்கலாம்.

மார்ச்சிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பசளை. 20-20-20 என்று பெட்டியில் எழுதியிருக்கும் கரையும் பசளையை, சொன்ன அளவில் பாதி கரைத்து விட்டால் போதும். ஜூலைக்குப் பிறகு தக்காளிக்குப் போடும் பொட்டாசியம் கூடிய பசளைக்கு மாறலாம், கிழங்கு பருக்கும்.

மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் கழிந்து, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாது என்றானதும் சாடியை வெளியே எடுங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் பத்து நாள் நிழல், பிறகு காலை வெயில் படும் இடம். பல்கனி உள்ளவர்களுக்குக் கிழக்குப் பக்கம் சிறந்தது. நல்ல மழைக்குப் பின் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து ஊற்றிவிடுங்கள்.

உறக்கம்

இங்கே நாட்கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். உறங்கி எழுந்த கிழங்கு பூக்க ஆறு முதல் எட்டு வாரம். உறக்கம் எட்டு முதல் பத்து வாரம். அப்படியானால் தைப்பொங்கல் பூவுக்கு நவம்பர் நடுவில் எழுப்ப வேண்டும். செப்ரெம்பர் முதல் வாரத்தில் உறங்கப் போக வேண்டும். ஓகஸ்ட் கடைசியோடு பசளையையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். நத்தாருக்கு வேண்டுமானால் எல்லாவற்றையும் மூன்று வாரம் முன்னே தள்ளுங்கள்.

சாடியோடு உள்ளே கொண்டுவந்து, மழை படாத, 10 முதல் 13 பாகை இருக்கும் இருண்ட இடத்தில் வையுங்கள். இலை மெல்ல மஞ்சளாகிக் காயும். காய்ந்த பிறகு இழுத்தெடுங்கள், பச்சையாக இருக்கும்போது வெட்ட வேண்டாம். ஒன்ராறியோ வீடுகளில் முன்படிக்குக் கீழே பேஸ்மென்டில் இருக்கும் கோல்ட் ரூம் இதற்கென்றே கட்டியது போன்ற இடம். ஆனால் அங்கே அப்பிள் கூடை இருந்தால் தள்ளி வையுங்கள். பழம் விடும் எதிலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். கோல்ட் ரூம் இல்லாத அடுக்குமாடிக்காரர் பல்கனிக் கதவோரத்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பார்க்கலாம். 16, 17 பாகை இருந்தாலும் தண்ணீர் இல்லாவிட்டால் பெரும்பாலும் உறங்கும். சில குட்டை ரகங்கள் இரண்டு இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றோடு சண்டை வேண்டாம், பத்து வாரம் ஆனதும் எழுப்பிவிடுங்கள்.

எழுப்பும்போது மேல்மண் இரண்டு சென்ரிமீற்றரைச் சுரண்டி எடுத்துப் புதுக்கலவை போட்டு, இளஞ்சூடான தண்ணீர் ஒருமுறை விட்டு, சூடான இடத்துக்கு மாற்றுங்கள். சாடி மாற்றுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும்.

வரக்கூடிய சிக்கல்கள்

இலை மட்டும் வந்து பூ வராவிட்டால் கோடையில் வெளிச்சமோ பசளையோ போதவில்லை. கிழங்கைத் தொட்டுப் பாருங்கள், போன வருடத்தை விடச் சுருங்கியிருக்கும். அந்த வருடம் உறங்க விடாமல் தொடர்ந்து இலை வளர்க்கலாம்.

இலையிலும் தண்டிலும் செங்கல் நிறத்தில் நீண்ட புண்கள் தோன்றி, அந்த இடத்தில் தண்டு வளைந்தால் அது ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை. வாங்கும்போது சிவப்புக் கோடுகளைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நோய் பட்ட இலையை வெட்டிக் குப்பையில் போடுங்கள். கத்தியை மதுசாரத்தால் துடையுங்கள். இலை நனையாமல் தண்ணீர் விடுங்கள். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக வந்து வருடா வருடம் திரும்பினால் வைரஸ். அதற்கு மருந்தில்லை, மற்றச் செடிகளுக்குத் தொற்றுமுன் எறிய வேண்டும்.

கிழங்கின் அடுக்குகளுக்கிடையே பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை மதுசாரத்தில் தோய்த்து ஒவ்வொரு இடுக்கிலும் ஒற்றி எடுங்கள், வாரம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கோடையில் வெளியே இருந்த கிழங்கு மெதுமெதுப்பாகிவிட்டால் வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரேயொரு கொழுத்த புழு இருக்கும். தேனீ போலத் தோற்றமளிக்கும் ஓர் ஈ கழுத்தோரம் முட்டையிடுவதால் வருவது. ஜூன் மாதத்தில் மெல்லிய வலைத்துணி போட்டால் தடுக்கலாம்.

குட்டிக் கிழங்குகளும் தள்ளுபடிக் கிழங்குகளும்

குட்டை ரகங்கள் தாராளமாகக் குட்டி போடும். தாய்க் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு அளவு வந்து, சொந்த வேர் விட்ட பிறகு, சாடி மாற்றும் நேரத்தில் கையால் பிரித்தெடுங்கள். தனிச் சாடியில் வைத்து உறங்க விடாமல் வளர்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும்.

காசு அதிகம் செலவழிக்க விரும்பாதவர்கள் நத்தார் முடிந்த வாரத்தில் கடைகளைப் பாருங்கள். மிஞ்சிய பெட்டிகளைப் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவார்கள். இருட்டில் கிடந்து முளை வெளிறி வளைந்திருந்தாலும் கிழங்கு இறுக்கமாக இருந்தால் வாங்கலாம். அன்றே நட்டு வெளிச்சத்தில் வைத்தால் சில நாளில் முளை பச்சை பிடிக்கும், தண்டு வளைந்தபடியே பெப்ரவரி கடைசியில் பூக்கும். பெட்டியில் ரகத்தின் பெயர் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிச் சாடியில் குத்தி வையுங்கள். அடுத்த வருடம் பூக்கும்வரை எது எது என்று இலையை வைத்துச் சொல்ல முடியாது.